சலீம் அலியும் நீர்ப்பறவைகளும்

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் ஸ்ரீரங்கப்பட்டணம் உள்ளது. அவ்வூருக்கு அருகே காவிரி ஆறு பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து, சிறுசிறு திட்டுகளைச் சூழ்ந்து செல்கிறது. ஆற்றிடையே உயர்ந்து நிற்கும் மேட்டைத் தமிழில் திட்டு என்கிறோம். கன்னடரும் அதே சொல்லைக் கொண்டே அவ்விடத்தை ரங்கனதிட்டு என வழங்குகின்றனர். பெங்களூர்ப் பள்ளிகளிலிருந்து சுற்றுலா செல்லும் மாணவர்கள் அங்குப் படகில் ஏறி, மரங்கள் தெரியாதவாறு மொய்த்திருக்கும் நாரைகளையும் கொக்குகளையும் கண்டு வியப்பர். பாறைமீது வாய் பிளந்து கிடக்கும் முதலையைக் கண்டு அஞ்சவும் செய்வர்.

இத்திட்டுகள் முற்றிலும் இயற்கையாக அமைந்தவை அல்ல. 1645 முதல் 1648 வரையிலான காலத்தில் மைசூர் மன்னர் பாசனத்துக்காகக் காவிரியின் குறுக்கே ஓர் அணை கட்டினார். அணையால் நீர் பரவித் தாழ்ந்த நிலங்கள் மூழ்கின. உயர்ந்த இடங்கள் தீவுகளாயின. உழவருக்காகக் கட்டிய அணை, கட்டியவர் எண்ணிப் பாராத வகையில் பறவைகளுக்கும் வீடமைத்துத் தந்தது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், அவ்வீட்டைச் சட்டத்தால் காக்க வேண்டும் என்று மைசூர் அரசை இசையச் செய்தவர் சலீம் அலி. பறவையியல் அறிஞர் என்று உலகம் போற்றும் அவர், அக்காலத்தில் நிலையான ஊதியம் இல்லாதவர். மனைவியை இழந்து சில மாதங்களே ஆனவர்.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைசிக் குழந்தை அவர். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். மக்கட்பேறு இல்லாத தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியும் அவர் துணைவியாரும் அவரை வளர்த்தனர். மாமன் வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். ஆகவே, சிறுவன் கையிலும் ஒரு காற்றுத்துப்பாக்கி இருந்தது. பறவைகளைக் காக்க வாழ்ந்த ஒருவரின் வாழ்வு பறவைகளைச் சுடுவதில் தொடங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் தம் தன்வரலாற்றில் அதனை மறைக்கவுமில்லை.

ஏறக்குறைய பத்து வயதில் அவர் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினார். கையில் எடுத்துப் பார்த்தபோது அதன் தொண்டையில் மஞ்சள் நிறப் பூச்சு போன்ற ஒரு புள்ளி தெரிந்தது. வழக்கமான சிட்டுகளுக்கு அது இல்லை. அதனை உண்ணலாமா கூடாதா என்ற ஐயத்துடன் மாமனிடம் சென்றார். மாமனுக்கும் அப்பறவை எது என்று தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிச் சிறுவனை அனுப்பிவைத்தார். ஆங்கில அதிகாரிகள் நிறைந்த அக்கட்டடத்துக்குள் கால் வைக்கவே அச்சிறுவன் நடுங்கினான். மில்லர்டோ குருவியைக் கண்டதும் அது மஞ்சள்கழுத்துச் சிட்டு என்று கூறி, இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து அடுக்கப்பட்ட பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். ஒரு குருவியின் பெயர் என்ன என்ற கேள்வி, அறிவியலின் வாசலை அவருக்குத் திறந்துவிட்டது.

எனினும், வாசலுக்கும் வாழ்க்கைத் தொழிலுக்கும் இடையே நெடுந்தொலைவு இருந்தது. கல்லூரிப் படிப்பு அவருக்கு எளிதாக அமையவில்லை. 1914இல் பர்மா சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்தார். காட்டில் பறவைகளைப் பார்த்த நேரம் கணக்கேடு பார்த்த நேரத்தைவிட மிகுதி. 1917இல் பம்பாய் திரும்பி வணிகவியலும் விலங்கியலும் பயின்றார். 1918இல் தெஹ்மினா என்னும் பெண்ணை மணந்தார். முறையான பட்டம் இல்லாமையால், இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணி அவருக்குக் கிட்டவில்லை. பின்னர்ப் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராக அமர்ந்தார். அங்கிருந்து விடுப்பில் பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்ட்ரேஸ்மனிடம் பயிற்சி பெற்று 1930இல் திரும்பியபோது, நிதியில்லை என்ற காரணத்தால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையிழந்த அவர் பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கினார். அங்கிருந்த மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. பல மாதங்கள் அவற்றையே பார்த்து எழுதினார். ஆண்குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்துகிறது. பெண்குருவி வந்து சோதித்து ஏற்றுக்கொண்டால் மீதியை முடிக்கிறது. அப்பெண் முட்டையிட்டதும் அடுத்த கூட்டைத் தொடங்கி, மற்றொரு பெண்ணுக்காகக் காத்திருக்கிறது. நம் ஊர்ப் பனைமரங்களில் நூற்றாண்டுகளாகத் தொங்கிய கூடுகளில் நடப்பதை இவ்வாறு கண்டு எழுதியவர் வேலையற்ற ஒருவர். துப்பாக்கியைவிடக் குறிப்பேடு மிகுதியாகச் சொல்லும் என்பதை அவர் கிஹிமில்தான் உணர்ந்தார் எனலாம்.

அக்காலத்தில் பல சமஸ்தானங்களின் பறவைகள் பற்றி முறையான கணக்கெடுப்பு எதுவும் இல்லை. சலீம் அலி ஒரு வழி கண்டார். தமக்கு ஊதியம் வேண்டா, பயணச் செலவை மட்டும் ஏற்றால் போதும் என்று அவர் முன்வந்தார். ஐதராபாத்தும் திருவிதாங்கூரும் கொச்சியும் பிற சமஸ்தானங்களும் இசைந்தன. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் காடு மேடுகளைக் கடந்து, கூடாரங்களில் தங்கி, அவர் பறவைகளைப் பதிவு செய்தார். வசதியான வாழ்வில் வளர்ந்த தெஹ்மினாவும் அக்கூடார வாழ்வை மனமுவந்து ஏற்றுக் கணவருடன் பயணம் செய்தார்.

1939ஆம் ஆண்டு ஒரு சிறிய அறுவை மருத்துவத்துக்குப் பின் தெஹ்மினா எதிர்பாராமல் காலமானார். சலீம் அலிக்கு அப்போது வயது 42. மைசூர் சமஸ்தானத்தின் பறவைக் கணக்கெடுப்பு அவருக்கு முன்னே காத்திருந்தது. தமக்கையும் தமக்கை கணவரும் ஆதரவாக நிற்க, அவர் மீண்டும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். அத்துயர்க் காலத்தில் செய்த பணியின் பயனாகவே மைசூர்ப் பறவைகள் பற்றிய விரிவான அறிக்கை பின்னர்க் கழகத்தின் இதழில் தொடராக வெளிவந்தது. ரங்கனதிட்டின் பாதுகாப்பும் அப்பணியின் பயனே.

அவர் அத்திட்டுகளில் கண்டது என்ன? நாரையும் கொக்கும் இந்நாட்டின் பல நீர்நிலைகளில் உண்டு. ஆனால், இரை தேடும் இடம் வேறு. கூடு கட்டும் இடம் வேறு. ஒரு வயலிலோ குளத்திலோ நாரை மேய்வதைக் கொண்டு, அவ்விடம் மட்டும் இருந்தால் அதற்குப் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அக்குஞ்சு பறக்கும்வரை பல வாரங்கள் கூட்டுக்கு இடையூறு நேராதிருக்க வேண்டும். நரியும் காட்டுப்பூனையும் மனிதனும் எட்டாத மரம் வேண்டும். அண்மையில் இரையும் வேண்டும். ரங்கனதிட்டில் இவை யாவும் ஒருங்கே அமைந்திருந்தன. ஓடும் நீர், அகழிபோல் திட்டுகளைச் சூழ்ந்தது. அந்த அகழியில் முதலைகள் இருந்தன. அவை தவறி விழும் குஞ்சுகளைத் தின்னும் என்றாலும், நீந்தி வரும் பகை விலங்குகளைத் தடுக்கும் காவலும் அவையே. ஆற்றில் மீன் இருந்தது. சுற்றிலும் கால்வாய்ப் பாசன வயல்களில் நத்தையும் தவளையும் நண்டும் இருந்தன. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், இராக்கொக்கு எனப் பல இனங்கள் ஒரே மரத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்தன.

இத்தகைய இடங்கள் அரியவை. ஒரு பருவத்தில் சிலர் துப்பாக்கியுடன் வந்தாலோ, விறகுக்காக மரங்களை வெட்டினாலோ, சுற்று வட்டாரம் முழுவதற்குமான நாரைகளின் பிள்ளைப்பேறு கெடும். இதனைச் சலீம் அலி மைசூர் அரசுக்கு எடுத்துரைத்தார். 1940ஆம் ஆண்டு ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பில் அது மிகச் சிறியது. புலிக்கும் யானைக்கும் காடு ஒதுக்கிய அரசர்கள் உண்டு. உண்ணவும் உதவாத, பார்க்க மட்டுமே உரிய கொக்குகளுக்காக ஆற்றின் நடுவே சில திட்டுகளை ஒதுக்கச் செய்வது எளிய செயலன்று.

தமிழ்நாட்டு மாணவர் இங்கு வேடந்தாங்கலை நினைவுகூர்வர். அங்கு அரசை இசையச் செய்ய அறிஞர் எவரும் வரவேண்டியிருக்கவில்லை. ஊர்மக்களே பறவைகளைக் காத்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுட வந்தவர்களைப் பற்றி அவர்கள் முறையிட்டதன்பேரில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டு ஆட்சியரிடமிருந்து காப்பு ஆணை பெற்றனர். பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையில் உள்ள கொக்கரேபெள்ளூர் மக்களும் அவ்வாறே தம் ஊர் மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாக்களையும் நாரைகளையும் தம் மனையைச் சேர்ந்தவைபோல் ஓம்பி வருகின்றனர். பறவையைக் காப்பதற்கு ஊராரை விலக்குவது ஒரு வழி. ஊராருடன் சேர்ந்து காப்பது மற்றொரு வழி. இவ்விரண்டில் எது எங்கே பொருந்தும் என்ற வினா, சலீம் அலியின் வாழ்வில் பின்னொரு காலத்தில் கடுமையாக எழுந்தது.

அவ்வினா எழுந்த இடம் இராசத்தானத்தில் உள்ள பரத்பூர். அங்கும் 18ஆம் நூற்றாண்டில் மன்னர் கட்டிய கரை ஒன்றால்தான் கேவலாதேவ் சதுப்புநிலம் உருவாயிற்று. குளிர்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து வாத்துகள் இலட்சக்கணக்கில் அங்கு இறங்கும். பரத்பூர் மன்னர்கள் அவற்றை விருந்தினரின் துப்பாக்கிகளுக்காகப் போற்றி வளர்த்தனர். 1938இல் ஆங்கில அரசப் பிரதிநிதி லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில் ஒரே நாளில் சுடப்பட்ட பறவைகள் 4,273. அவ்வெண்ணைப் பெருமையுடன் கல்லில் பொறித்து வைத்தனர். அக்கல் இன்றும் அங்கு நிற்கிறது.

நாடு விடுதலை பெற்றபின், அச்சதுப்புநிலத்தை வடித்து விளைநிலமாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. உணவுப் பற்றாக்குறை நிலவிய காலம் அது. கேட்டவர்கள் மீது குறை சொல்ல இயலாது. எனினும், வடித்த நீர் மீண்டும் வராது என்பதைச் சலீம் அலி அறிந்திருந்தார். பிரதமர் நேரு வரை அவர் செய்தியைக் கொண்டு சென்றார். நேருவும் பறவைகளிடம் ஈடுபாடு உடையவர். நிலம் காக்கப்பட்டது, 1956இல் சரணாலயமாயிற்று. மன்னரின் வேட்டையுரிமை மட்டும் மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் எதுவும் கிடைக்காது என்பதைச் சமஸ்தானங்களில் பழகிய அவர் நன்கு அறிவார். முதலில் நீர் நிற்கட்டும் என்று பொறுத்திருந்தார்.

கர்நாடகத்து நிகழ்ச்சி ஒன்றும் அவரைப் பரத்பூருடன் பிணைத்தது. 1957இல் ஷிமோகா மாவட்டத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தன. மக்களுக்கும் காய்ச்சல் கண்டது. உண்ணிகள் பரப்பிய அந்நோயின் கிருமி, இரசிய நாட்டுக் கிருமி ஒன்றை ஒத்திருந்தது. வலசை வரும் பறவைகள் அதைச் சுமந்து வந்தனவோ என்ற ஐயம் பிறந்தது. பறவைகளின் வழியை அறிய உலக நலவாழ்வு நிறுவனம் உதவியது. சலீம் அலியும் கழகத்தாரும் பரத்பூரிலும் தமிழ்நாட்டுக் கோடியக்கரையிலும் பறவைகளை வலையில் பிடித்து, எண்ணும் கழகத்தின் பெயரும் பொறித்த மெல்லிய வளையங்களை அவற்றின் காலில் பூட்டிப் பறக்கவிட்டனர். நாரையைத் தூது அனுப்பிய சத்திமுத்தப் புலவரின் நாட்டில், பறவைகள் மெய்யாகவே செய்தி சுமக்கத் தொடங்கின. சில வளையங்கள் சைபீரியாவிலிருந்து திரும்பி வந்தன. பறவைகள்மீது எழுந்த ஐயம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால், இந்தியக் குளம் ஒன்று வற்றினால் அதன் இழப்பு வடதுருவத்துக்கு அருகிலும் தெரியும் என்பது அவ்வளையங்களால் விளங்கியது.

இதற்கிடையே அவர் எழுதிய நூல்கள் நாடெங்கும் பரவின. 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய நூல், பறவையைப் பார்ப்பது அதிகாரிகளின் பொழுதுபோக்கு என்ற நிலையை மாற்றி எளியோருக்கும் உரியதாக்கியது. அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. மோட்டார் சைக்கிளில் அவருக்குத் தீராக் காதல். 1950இல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தம் வண்டியைக் கப்பலில் ஏற்றிச் சென்று, ஐரோப்பிய நாடுகளின் சாலைகளில் ஓட்டி மகிழ்ந்தார். பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகள் வந்தன. 1976இல் கிடைத்த பன்னாட்டு வனவிலங்குக் காப்புப் பரிசின் தொகையைக் கழகத்தின் பணிக்கே வழங்கினார்.

பரத்பூருக்கு மீண்டும் வருவோம். 1982இல் அது தேசியப் பூங்காவாயிற்று. சட்டப்படி பூங்காவுக்குள் கால்நடைகள் மேயக் கூடாது. எருமைகள் பறவைகளுக்கு இடையூறு என்பதே அறிஞர்கள் பலரின் கருத்து. சலீம் அலியின் கருத்தும் அதுவே. தலைமுறை தலைமுறையாக அங்கு எருமை மேய்த்த ஊரார் தடுக்கப்பட்டனர். அவர்கள் கிளர்ந்தெழுந்தனர், காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. பறவைகளைச் சுட்ட துப்பாக்கிகள் ஓய்ந்த அதே மண்ணில் அது நிகழ்ந்தது.

தடை நிலைத்தது. பின்னர் எவரும் எதிர்பாராத மாற்றம் தோன்றியது. எருமைகள் அதுவரை நீரில் இறங்கி ஒருவகைப் புல்லைத் தின்றுவந்தன. அவை இல்லாமற்போகவே அப்புல் அடர்ந்து படர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகளுக்குத் திறந்த நீர் வேண்டும். புல் மூடிய நீரில் அவை இறங்கா. மீன்களும் குறைந்தன. பல நீர்ப்பறவைகளின் எண்ணிக்கை சரிந்தது. இதனைக் கண்டறிந்து சொன்னவர்கள் பூங்காவின் பகைவர் அல்லர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே 1980 முதல் பத்தாண்டுகள் அங்கு நடத்திய ஆய்வுதான் அதைச் சொன்னது. எருமையும் அச்சதுப்புநிலத்தின் ஓர் உறுப்பே என்பது அதன் முடிவு. பின்னர், ஊரார் உள்ளே வந்து புல்லை அறுத்துச் செல்ல இசைவு அளிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு சலீம் அலியைப் பழிப்போரும் உண்டு. அவர் மீதுள்ள மதிப்பால் இதனைச் சொல்லாது விடுவோரும் உண்டு. இரண்டும் அவருக்குப் பொருந்தா. அவர் கருத்துப் பிழைபட்டது. அதற்கு ஊரார் கொடுத்த விலை பெரிது. ஆனால், கருத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பறவையை எண்ணிப் பார் என்று கழகத்தாரைப் பழக்கியவரும் அவரே. கிஹிம் மரத்தடியில் அவர் கைக்கொண்ட அம்முறையே பரத்பூரில் அவர் கருத்தையும் திருத்தியது.

1985இல் அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், தம் 90ஆம் வயதில் பம்பாயில் காலமானார். அவர் பெயரால் 1990இல் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் பறவையியல் மையம் ஒன்று நிறுவப்பட்டது.

அவர் மறைந்த 1987ஆம் ஆண்டில்தான் ஆசிய நாடுகளின் நீர்ப்பறவைகளை ஆண்டுதோறும் சனவரியில் எண்ணும் பணி இந்தியாவில் தொடங்கியது. பெருநதி இல்லாத பெங்களூர் ஏரிகளால் வளர்ந்த ஊர். அவையும் மக்கள் தம் தேவைக்காகக் கரை கட்டி உருவாக்கியவை. பேருந்து நிலையமாகவும் விளையாட்டரங்கமாகவும் மாறியவை போக எஞ்சியவற்றின் கரைகளில், பறவை ஆர்வலர் விடியற்காலைப் பனியில் நின்று தாமரைக்கோழியையும் நாமக்கோழியையும் வாத்துகளையும் எண்ணிக் குறித்தனர். பட்டம் பெற்ற பறவையியலாளர் அல்லாதவர்களும் அவர்களுள் இருந்தனர். சலீம் அலிக்கும் அத்தகைய பட்டம் இருந்ததில்லை.

ரங்கனதிட்டு 2022இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய சதுப்புநிலமாக ஏற்கப்பட்டது. கர்நாடகத்திலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் இடம் அது. திட்டுகளுக்கு மேலே, ஆற்றின் போக்கில் கிருஷ்ணராஜசாகர் அணை இருக்கிறது. பெருமழை பெய்து அணையின் மதகுகள் திறக்கப்படும் ஆண்டுகளில் வெள்ளம் திட்டுகளின்மேல் ஏறும். தாழ்ந்த கிளைகளில் உள்ள கூடுகளை அடித்துச் செல்லும். கரை மண்ணையும் அரிக்கும். வெள்ளம் வடிந்தபின் வனத்துறையினர் கரைகளைச் செப்பனிடுகின்றனர். நாரைகள் திரும்பி வந்து, எஞ்சிய மரங்களில் மீண்டும் சுள்ளி அடுக்கத் தொடங்குகின்றன.